புதைபடிவக் குளவிக்குப் பெயர் சூட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் தென்மேற்கில் கெர்சி என்றொரு பகுதி. அங்கே கிடைத்த, அரிசி அளவே இருக்கும் ஈக் கூட்டுப்புழுப் புதைபடிவங்களுக்குள் நான்கு புதிய குளவிச் சிற்றினங்கள் இருப்பதாக 2018 ஆகஸ்டில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள், ஜெர்மனியின் கார்ல்ஸ்ருஹே தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த தோமஸ் ஃபான் டி காம்ப்பும் அவருடைய கூட்டாளிகளும். செத்துப்போய்ப் பல கோடி ஆண்டுகள் ஆன ஒரு பூச்சியை ‘இது புதுசு’ என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதனால் கீழே உள்ள பதில்களில் கெர்சிக் குளவிகள் அடிக்கடி வரும். தேவையான இடத்தில் வேறு சில குளவிகளையும் அழைத்துக்கொள்கிறேன்.

எலும்பே இல்லாத குளவி எப்படிப் புதைபடிவமாகிறது?

பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று, ஏரியடிப் படிவு. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள ஃப்ளோரிசன்ட்டில் சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலும் நுண்பாசிகளும் சேர்ந்து ஏரியடியில் மெல்லிய தாள்களாகப் படிந்தன. அவற்றுக்கிடையே சிக்கிய பூச்சிகள் நசுங்கிப் படம்போல் பதிந்துவிட்டன. கல்லைப் பிளந்தால் பூச்சி இரண்டு முகத்திலும் கிடைக்கும். இரண்டையும் பத்திரப்படுத்த வேண்டும், ஏனென்றால் ஒன்றில் இல்லாத இறகு நரம்பு மற்றதில் இருக்கும். அங்கே கிடைத்த ‘பேலியோவெஸ்பா ஃப்ளோரிசன்ஷியா’ என்ற குளவிக்கு 1906-இல் காக்கரெல் என்ற பூச்சியியலாளர் பெயர் வைத்தார். இன்று ஃப்ளோரிசன்ட் ஒரு தேசியச் சின்னமாகப் பாதுகாக்கப்படும் இடம்; அதன் இலச்சினையே அந்தக் குளவிதான்.

இன்னொன்று ஆம்பர், அதாவது மரப்பிசின் இறுகிக் கல்லானது. இதில் பூச்சி நசுங்காமல் முழு உருவத்தோடு நிற்கும்.

கெர்சியில் நடந்தது இரண்டும் இல்லை. அது அரிதான மூன்றாவது வழி: பாஸ்பேட் நிறைந்த நீர் ஊறி, பூச்சியின் உடலே கனிமமாக மாறியிருக்கிறது.

கெர்சிக் குளவிகளைத் தோண்டி எடுத்தது யார்?

குளவியைத் தேடி யாரும் தோண்டவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உரம் தயாரிக்க அங்கே பாஸ்பேட் வெட்டினார்கள். அப்போது கிடைத்த புதைபடிவங்களில் ஒரு பங்கு சுவிட்சர்லாந்தின் பாசல் அருங்காட்சியகத்துக்கும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. 1944-இல் எடுவார்ட் ஹான்ட்ஷின் என்ற சுவிஸ் பூச்சியியலாளர் கெர்சிப் பூச்சிகளைப் பற்றி எழுதினார். ஆனால் கூட்டுப்புழுவின் உறைக்கு உள்ளே பார்க்க அவரிடம் வழி இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் வெறும் நீள்வட்டக் கல்மணி. உடைத்துப் பார்த்தால் இருப்பதும் போய்விடும்.

அதன்பிறகு எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவை இழுப்பறையிலேயே கிடந்தன. அப்புறம் சிங்க்ரோட்ரான் வந்தது. எலக்ட்ரான்களை வட்டப்பாதையில் ஒளிவேகத்துக்கு நெருக்கமாக ஓடவிட்டு, அவை திரும்பும்போது வெளிவிடும் கூர்மையான எக்ஸ்ரே கதிரைப் பிடித்துப் பயன்படுத்தும் கருவி அது. மாதிரியைச் சுழற்றிக்கொண்டே ஏராளமான படங்கள் எடுத்து, கணினியில் சேர்த்தால் முப்பரிமாண உருவம் கிடைக்கும். இப்படி 1510 கூட்டுப்புழுக்களை எடுத்துப் பார்த்தார்கள். 55-இல் ஒட்டுண்ணிக் குளவியின் தடயம் இருந்தது. நூற்றுக்கு நான்குகூட இல்லை.

குளவி இல்லாத அந்த 1455 படங்களைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. எனக்கு அவையும் முக்கியம். எதில் குளவி இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது என்பதால் எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. அப்படிப் பார்த்ததால்தான் எத்தனை கூட்டுப்புழுக்களுக்கு எத்தனை ஒட்டுண்ணி என்ற கணக்கும் கிடைத்தது. புதைபடிவத்தில் அப்படியொரு கணக்கு மிக அபூர்வம்.

ஈயின் கூட்டுக்குள் குளவிக்கு என்ன வேலை?

‘கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்’ என்று நம் ஊரில் சொல்வார்கள். சுவரில் மண்கூடு கட்டும் குளவி ஒரு புழுவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். சில வாரங்களில் அந்தக் கூட்டிலிருந்து குளவி வெளியே வரும். பார்த்தவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள், காரணம் மட்டும் வேறு. கொட்டி மயங்கவைத்த புழுவின் பக்கத்தில் குளவி முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் இளம்புழு அதைத் தின்று வளர்கிறது.

ஒட்டுண்ணிக் குளவிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. கெர்சிக் குளவிகள் நான்கும் ஈயின் கூட்டுப்புழு உடலுக்கு உள்ளேயே, ஒரு கூட்டுக்கு ஒன்றாக வளர்ந்தவை. வெளியே வரும் முன்பே ஈயும் குளவியும் சேர்ந்து கனிமமாகிவிட்டன. எந்தக் குளவி எதைத் தின்றது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டுமா? ஆம்பரில் ஒரு குளவியும் ஒரு ஈயும் அருகருகே கிடந்தால் அவற்றுக்குள் உறவு இருந்தது என்று சொல்லிவிட முடியாது. இங்கே ஒன்று மற்றதன் வயிற்றுக்குள் இருக்கிறது.

அது புதிய சிற்றினம்தான் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

இதுதான் முழு வேலையும். பூச்சியைக் கண்டுபிடிப்பது ஒரு நாளில் முடியலாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும்.

முதலில் எந்தக் குடும்பம் என்று பார்க்க வேண்டும். இறகு தெரிந்தால் பெரிய உதவி. எடுத்துக்காட்டாக, இக்நியூமானிட், பிராக்கோனிட் என்ற இரண்டு பெரிய ஒட்டுண்ணிக் குடும்பங்கள் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். முன்னிறகை உருப்பெருக்கியில் வைத்துப் பாருங்கள். வெளி விளிம்பை நோக்கி, இறகின் நடுவுக்குக் கீழே, குறுக்காக ஒரு சின்ன நரம்பு ஓடும். அதற்கு இரண்டாம் பின்னோட்ட நரம்பு என்று பெயர். இக்நியூமானிடில் அது இருக்கும். பிராக்கோனிடில் அநேகமாக இருக்காது. கூடவே, இக்நியூமானிடில் வேறொரு நரம்பின் ஒரு துண்டு மறைந்துபோய், நரம்புகளுக்கு இடைப்பட்ட இரண்டு அறைகள் ஒன்றாகியிருக்கும். அப்படி உண்டான பெரிய அறையின் வடிவத்தை வைத்து ‘குதிரைத் தலை’ என்றே ஆய்வாளர்கள் அதை அழைக்கிறார்கள். நசுங்கிய கல்லில் தலை, கால் எதுவும் தெளிவில்லாமல் இறகு மட்டும் பதிந்திருந்தாலும் இந்த இரண்டு அடையாளங்களை வைத்தே குடும்பத்தைச் சொல்லிவிட முடியும்.

கெர்சியில் இந்த வசதி இல்லை. குளவிகள் இறகு விரித்துப் பறக்கும் முன்பே இறந்தவை. தவிர, அவை சேர்ந்த டயாப்ரிட் குடும்பத்தில் இறகு நரம்புகளே குறைவு. எனவே உணர்கொம்பின் கணுக்கள், இடுப்பின் அமைப்பு, தலையின் வடிவம் என்று உடலின் மற்ற பாகங்களை முப்பரிமாணத்தில் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

குடும்பம் தெரிந்தபின் அந்தக் குடும்பத்தில் இதுவரை விவரிக்கப்பட்ட புதைபடிவங்களையும், உயிரோடிருக்கும் நெருங்கிய உறவுகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். நூறு வருடத்துக்கு முன் வந்த ஒரு ஜெர்மன் கட்டுரையில் நான்கு வரியில் விவரித்திருக்கலாம், படமே இல்லாமலும் இருக்கலாம். அப்போது மூல மாதிரி இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும், அல்லது புதிய படம் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் ஆண், பெண் வேறுபாடு. கொட்டும் குளவிகளில் பெரும்பாலும் ஆணின் உணர்கொம்பில் 13 கணுக்கள், பெண்ணுக்கு 12. உருவமும் நிறமும்கூட மாறும். இதை மறந்தால் ஒரே சிற்றினத்தின் ஆணுக்கும் பெண்ணுக்கும் இரண்டு பெயர் வைத்துவிடுவோம். கல்லில் நசுங்கிய கோணம், ஆம்பருக்குள் உடல் சுருங்கியது இவற்றால் வரும் போலி வித்தியாசங்களையும் கழித்துப் பார்க்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் நிலைத்து நிற்கும் வித்தியாசம் இருந்தால்தான் புதிய பெயருக்கு நியாயம்.

டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தால் வேலை சுலபமாகிவிடாதா?

கிடைக்காது. ஆம்பர் பூச்சியிலிருந்து டி.என்.ஏ. எடுத்ததாக 1990களில் வந்த அறிவிப்புகளை மற்ற ஆய்வகங்கள் திரும்பச் செய்து பார்த்தபோது எதுவும் நிற்கவில்லை. உருவத்தை வைத்துத்தான் முடிவு.

ஒரே ஒரு குளவி கிடைத்தால் போதுமா?

விதிப்படி போதும். விலங்குப் பெயர்களுக்கான பன்னாட்டு விதிமுறை கேட்பது ஹோலோடைப் எனப்படும் ஒரே ஒரு மூல மாதிரி. 1999-க்குப் பிறகு வரும் பெயர்களுக்கு, மூல மாதிரி எது, எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்று கட்டுரையிலேயே சொல்லியாக வேண்டும். துணை மாதிரிகள் இருந்தால் நல்லது. ஒரு சிற்றினத்துக்குள் எவ்வளவு வேறுபாடு வரும் என்பதை அவைதான் காட்டும்.

மூல மாதிரி எதற்கு என்றால், பின்னால் வரும் ஒருவர் சந்தேகப்படுவதற்காக. நான் எழுதிய விவரிப்பை நம்ப வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. நேரே போய் அந்தக் கல்லையே பார்க்கலாம். அதனால்தான் தனியார் அலமாரியில் பூட்டிவைத்த மாதிரியை மூல மாதிரியாக்குவதை நல்ல இதழ்கள் ஏற்பதில்லை. என்னைக் கேட்டால், ஒரு புதைபடிவ விவரிப்பில் முதலில் படிக்க வேண்டிய வரி மாதிரி எந்த அருங்காட்சியகத்தில், எந்த எண்ணில் இருக்கிறது என்பதுதான்.

சந்தேகப்பட்டதால் பெயர் மாறிய குளவி ஏதாவது உண்டா?

உண்டு, அது அழகான கதை. இங்கிலாந்தின் வைட் தீவில் பூச்சிகள் நிறைந்த ஒரு சுண்ணாம்புக்கல் அடுக்கு இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு சின்னப் பூச்சியை 1920-இல் ஹொரேஸ் டானிஸ்தோர்ப் எறும்பு என்று எண்ணி, எறும்புக்குரிய பெயரே வைத்தார். 2010-இல் ஸ்டீவ் காம்ப்டனும் குழுவினரும் அது எறும்பே இல்லை, அத்திக் குளவி என்று காட்டினார்கள். வயது சுமார் 3.4 கோடி ஆண்டு. இன்றைய அத்திக் குளவிகள் அத்திப்பூவின் மகரந்தத்தை எடுத்துச் செல்ல மார்பின் அடிப்பக்கத்தில் பை போன்ற குழி வைத்திருக்கின்றன. அந்தப் புதைபடிவத்திலும் அதே குழி இருந்தது, மகரந்தமும் இருந்தது. அத்திக்கும் குளவிக்கும் இடையிலான அந்த ஒப்பந்தம் அவ்வளவு பழையது.

டானிஸ்தோர்ப்பை இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர் பார்த்த கல் பத்திரமாக அருங்காட்சியகத்தில் இருந்ததால்தான் தொண்ணூறு வருடம் கழித்துத் திருத்த முடிந்தது.

பெயரை யார் வைப்பது? என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாமா?

விவரித்து வெளியிடுபவர்கள் வைக்கிறார்கள். லத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும், ஆனால் சொல் எந்த மொழியிலிருந்தும் வரலாம்; தமிழ்ச் சொல்லுக்கும் தடை இல்லை. பேரினப் பெயர் விலங்குலகம் முழுவதிலும் வேறு எதற்கும் வைக்கப்படாததாக இருக்க வேண்டும். வண்டுக்கோ மீனுக்கோ அதே பெயர் முன்பே இருந்தால் நம்முடையது செல்லாது. சிற்றினப் பெயர் உரிச்சொல்லாக இருந்தால் பேரினத்தின் லத்தீன் பாலுக்கு ஏற்ப விகுதி மாறும்.

கெர்சிப் பெயர்களைப் பாருங்கள். ‘செனோமோர்ஃபியா’ என்பது புதிய பேரினம். மனித உடலுக்குள் வளர்ந்து வெளியே வரும் ஹாலிவுட் படத்து வேற்றுலகப் பிராணியை நினைத்து வைத்த பெயர். அதில் இரண்டு சிற்றினங்கள்: ‘ரெசரெக்டா’ என்றால் மீண்டும் எழுந்தவள், ‘ஹான்ட்ஷினி’ அந்த 1944 ஆய்வாளருக்கு மரியாதை. ‘பேலியோர்டோனா கெர்சியென்சிஸ்’ ஊர்ப்பெயர் தாங்கியது. நான்காவது ‘கோப்டெரா ஆங்கா’. கார்ல்ஸ்ருஹே சிங்க்ரோட்ரானின் பழைய பெயரும் ஆங்காதான். கோப்டெரா பேரினம் இன்றும் உயிரோடிருக்கிறது. அதன் சில சிற்றினங்கள் மண்ணில் கிடக்கும் பழ ஈக் கூட்டுப்புழுக்களைத் தாக்குவதால், பழ ஈயைக் கட்டுப்படுத்த அவற்றை வளர்த்துப் பார்க்கிறார்கள்.

பெயர் செல்லுபடியாக வேண்டுமானால் கட்டுரை முறைப்படி வெளியாக வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரை என்றால் ‘ஸூபேங்க்’ பதிவேட்டில் முன்பே பதிவுசெய்து, அந்தப் பதிவைக் கட்டுரைக்குள்ளும் குறிப்பிட வேண்டும். இது 2012 முதல் நடைமுறை. பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

புதைபடிவத்தின் உருவத்திலிருந்து அது வாழ்ந்த விதத்தை எந்த அளவுக்குச் சொல்லலாம்?

ஜாக்கிரதையாகச் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் மியான்மரின் கச்சின் ஆம்பரிலிருந்து ‘சைரெனோபெதைலஸ் கரிப்டிஸ்’ என்ற குளவி அறிவிக்கப்பட்டது. சுமார் 9.9 கோடி ஆண்டு பழையது. கிடைத்த 16 மாதிரிகளும் பெண்கள். வயிற்றின் நுனியில் மூன்று மடல்கள் கொண்ட ஒரு பிடிப்பு உறுப்பு, அதில் வரிசையாக விறைத்த முடிகள். பூச்சி தின்னும் வீனஸ் ஃப்ளைட்ராப் செடியின் இலையை அப்படியே வயிற்றில் ஒட்டியதுபோல் இருக்கும். உயிரோடிருக்கும் எந்தக் குளவியிடமும் இப்படி இல்லை. அதனால் புதிய குடும்பமே உண்டாக்கினார்கள்.

அந்த உறுப்பு எதற்கு? வேறு பூச்சியைப் பிடித்து, முட்டையிட்டு முடிக்கும்வரை அசையாமல் வைத்துக்கொண்டு, பிறகு விட்டுவிடப் பயன்பட்டிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அது ஒரு கருத்து மட்டுமே. உறுப்பு இருக்கிறது என்பது உண்மை. பல மாதிரிகளில் மடல்கள் வெவ்வேறு அளவு திறந்து நிற்பதால் அது அசையக்கூடியது என்பதும் நியாயமான முடிவு. பிடித்தது எதை என்று காட்டும் சாட்சி அந்த ஆம்பரில் இல்லை. நல்ல விவரிப்பில் பார்த்ததும் ஊகித்ததும் தனித்தனியாக நிற்கும். படிக்கும்போது இந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள்.

வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

குளவியின் வயதை நேராக அளக்க முடியாது. அது கிடந்த படிவை அளக்கிறார்கள். கச்சின் ஆம்பரைச் சூழ்ந்த எரிமலைப் படிவில் உள்ள ஸிர்கான் படிகங்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று பார்த்து, 9.879 கோடி ஆண்டு என்று 2012-இல் கணக்கிட்டார்கள்; பிழை எல்லை 6.2 லட்சம் ஆண்டு. கெர்சியில் இந்தத் துல்லியம் இல்லை. உரத்துக்கு வெட்டியவர்கள் எந்தப் பாறைப் பிளவில், எந்த அடுக்கில் எடுத்தோம் என்று குறித்துவைக்கவில்லை. எனவே பேலியோஜீன் காலம் என்று, அதாவது 6.6 கோடிக்கும் 2.3 கோடிக்கும் இடைப்பட்ட பெரிய காலப்பகுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குறிப்பு எழுதாத ஒரு பழக்கம் எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு இது சாட்சி.

மியான்மர் ஆம்பரில் ஆய்வு செய்வது சரியா என்ற சர்ச்சை ஏன்?

கச்சின் மாநிலத்தில் உள்நாட்டுப் போர் நடக்கிறது. 2017-இல் சுரங்கப் பகுதியை ராணுவம் கைப்பற்றியது. ஆம்பர் விற்ற பணம் போருக்குப் போகிறது, சுரங்கத்தில் வேலை செய்பவர்களின் உயிருக்குப் பாதுகாப்பு இல்லை என்ற கவலையில், முதுகெலும்பிகளின் புதைபடிவங்களை ஆராயும் பன்னாட்டுச் சங்கம் 2020-இல் அப்படிப்பட்ட ஆம்பர் கட்டுரைகளை நிறுத்திவைக்கும்படி இதழாசிரியர்களுக்கு எழுதியது. முழுத் தடை உள்ளூர் ஆய்வாளர்களையும் பாதிக்கும் என்று மறுத்தவர்களும் உண்டு. எப்போது, யாரிடமிருந்து, எந்த வழியில் வந்தது என்று சொல்லாத ஆம்பரை மூல மாதிரியாக்கக் கூடாது என்பதே என் கருத்து. எவ்வளவு அதிசயமான குளவியாக இருந்தாலும் சரி.

இந்தியாவில் இப்படிப்பட்ட இடம் இருக்கிறதா?

இருக்கிறது. குஜராத்தின் வஸ்தான், தட்கேஸ்வர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கும் கேம்பே ஆம்பர், 5 கோடி ஆண்டுக்கும் மேல் பழையது. 150 கிலோவுக்கு மேல் எடுத்து, பூச்சி, சிலந்தி என 700-க்கும் அதிகமான உயிர்களை அதில் பார்த்ததாக 2010-இல் வந்த கட்டுரை சொல்கிறது. லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்தாரும் ஜெர்மனி, அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த வேலை அது.

இந்த ஆம்பரின் மூலம் டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிச் சாம்பிராணியோடு போடும் குங்கிலியமும் அதே குடும்பத்து மரப்பிசின்தான். மற்ற பல ஆம்பர்களைப்போல் இது முழுக்க இறுகவில்லை. அதனால் டொலுவீன், குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்களில் கரைத்துப் பூச்சியை முழுசாக வெளியே எடுத்துவிட முடிகிறது. கோடிக்கணக்கான வருடம் பிசினுக்குள் இருந்த பூச்சியின் காலை ஊசிமுனையால் திருப்பிப் பார்க்கலாம்! இந்த வாய்ப்பு வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

போலி ஆம்பரில் நிபுணர்கள் ஏமாந்ததுண்டா?

உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு பால்டிக் ஆம்பர் துண்டில், இன்றும் வாழும் ஒரு சிற்றினத்தைச் சேர்ந்த ஈ இருந்தது. 1966-இல் வில்லி ஹென்னிக் என்ற மாபெரும் ஆய்வாளரே அதை உண்மை என்று எடுத்துக்கொண்டார். 1993-இல் ஆண்ட்ரூ ராஸ் உண்மையைக் கண்டுபிடித்தார்: ஆம்பரை இரண்டாகப் பிளந்து, குடைந்து, ஈயை வைத்து ஒட்டியிருந்தார்கள். ஆம்பரும் அசல், ஈயும் அசல். இரண்டையும் சேர்த்துவைத்ததுதான் மோசடி.

என்னிடம் ஓர் ஆம்பர் கல் இருக்கிறது, உள்ளே குளவி மாதிரி ஏதோ தெரிகிறது. என்ன செய்யலாம்?

சூடான ஊசி வைத்துப் பார்க்காதீர்கள், நீங்களே மெருகு போடாதீர்கள். உப்பு இனிமேல் கரையாது என்ற அளவுக்குக் கரைத்த தண்ணீரில் போட்டால் அசல் ஆம்பர் மிதக்கும், கண்ணாடியும் பேக்லைட் என்ற பழைய பிளாஸ்டிக்கும் மூழ்கும். இளம் பிசினான கோபாலும் மிதக்கும் என்பதால் இது முதல் கட்டச் சோதனை மட்டுமே. பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

எங்கே, எப்போது, யாரிடம் வாங்கினீர்கள் என்று இன்றே ஒரு தாளில் எழுதிக் கல்லோடு வையுங்கள். ரசீது இருந்தால் அதையும். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, பல பக்கங்களிலிருந்தும் படம் எடுங்கள். பூச்சியின் இறகு தெரியும் கோணம் கிடைத்தால் அதில் நிறையப் படங்கள் எடுங்கள். வெயிலும் வெப்பமும் படாமல், காற்றுப் புகாத பையில் வையுங்கள். ஆம்பர் காற்றுப்பட்டே நாளடைவில் கருத்து விரிசல் விடும். படங்களை பீர்பால் சாஹ்னி நிறுவனம் போன்ற ஒரு புதைபடிவ ஆய்வு நிறுவனத்துக்கோ, பூச்சியியல் துறை உள்ள பல்கலைக்கழகத்துக்கோ அனுப்பிக் கேளுங்கள். அது புதிய சிற்றினமாக இருந்தால் கல்லைப் பொது அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டிவரும். அதற்கு உங்களுக்குச் சம்மதமா என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.